சுட்டும் கையும் சொல்லும் கையும்



சில மாதங்களுக்கு முன்னர், ஒரு பத்திரத்தின் பிரதியைப் பெறும்பொருட்டு ஓர் அலுவலகத்திலே நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. காத்திருப்போர்க்குப் பிறர் செய்யும் வேலையைப் பார்ப்பதன்றி வேறு வேலை இல்லை. எனக்கு எதிரே எழுதுவினைஞர் இருவர் அருகருகே அமர்ந்து கணினியிற் பணி செய்துகொண்டிருந்தனர். ஒருவர் இளைப்பாறும் வயதை அண்மித்த அம்மையார். மற்றவர் புதிதாக நியமனம் பெற்றவர்போற் காணப்பட்ட இளைஞர். அம்மையாரின் கண்கள் பக்கத்தில் நிறுத்திவைத்த கையெழுத்துப் பிரதியை விட்டு அகலவில்லை. கைகள் விசைப்பலகையை விட்டு அகலவில்லை. இளைஞரோ பத்துச் சொற்களை அடிப்பார். வலக்கை சுட்டியை நாடிச் செல்லும். சிறிய அம்பு திரையின் உச்சிக்கு ஏறும். ஒரு பட்டியல் விரியும். அதிலே ஒரு சொல்லைத் தேடித் தொடுவார். பின்னர் கை மீளும். மீண்ட கை விசைப்பலகையில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரு கணம் வேண்டியிருந்தது.

இடையிலே இளைஞர் கேட்டார்: "அக்கா, உதெல்லாத்தையும் எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறியள்?"

அம்மையார் தலை நிமிராமலே சொன்னார்: "எனக்கு ஞாபகமில்லைத் தம்பி. விரலுக்குத்தான் ஞாபகம்."

அவ்விருவரின் வழக்கே இன்றைய பேச்சின் பொருள். கணினி செய்வோரும் அதனை ஆராய்வோரும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வழக்கை விசாரித்து வருகின்றனர். தீர்ப்பு ஒன்றும், அதற்கு மறுதலையான தீர்ப்பு ஒன்றும் முன்னரே வெளிவந்துள்ளன.

முதலில் வழக்கு இன்னதெனத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணினிக்குக் கட்டளை இடுவதற்கு இரு வழிகள் உள. திரையின் மேற்புறத்திலே வரிசையாக எழுதப்பட்டிருக்கும் தலைப்புகளுள் ஒன்றைச் சுட்டியால் தொட, அதன் கீழே கட்டளைகளின் பட்டியல் விரிகின்றது. வேண்டியதைக் கண்டு தொடலாம். இப்பட்டியலை மெனு என்பர். மற்றைய வழியிலே, 'கொன்ரோல்' என்னும் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்து விசையைத் தட்டினாற் போதும். கொன்ரோலுடன் 'சி' என்றால் பிரதி எடு. கொன்ரோலுடன் 'எஸ்' என்றால் சேமி. இதனைக் குறுக்குவிசை என்போம்.

மெனு என்ற சொல் உணவுச்சாலையிலிருந்து கணினிக்கு வந்தது. அவ்வுவமையையே சிறிது நீட்டிப் பார்க்கலாம். புதிதாக ஓர் உணவுச்சாலைக்குள் நுழைபவர் என்ன உண்டு என்று பலகையைப் பார்ப்பார். நாள்தோறும் வருபவரோ நாற்காலியை இழுக்கும்போதே இடியப்பமும் சொதியும் என்று சொல்லிவிடுவார். முன்னவர் கண்டு அறிகின்றார். பின்னவர் நினைந்து சொல்கின்றார். கண்டறிதல் எளிது, ஆனால் மெதுவானது. நினைந்து சொல்லுதல் விரைவானது, ஆனால் முன்னே கற்றிருத்தல் வேண்டும்.

இவ்விரண்டும் ஆதியிலே பகையாகப் பிறக்கவில்லை. 1968ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கணினி மகாநாடு ஒன்றிலே டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் பொறியியலறிஞர் தொண்ணூறு நிமிடம் ஒரு செயல்விளக்கம் நிகழ்த்தினார். ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவகத்தில் அவரும் அவர் குழுவினரும் அமைத்த ஒழுங்கை அன்று பலர் முதன்முறையாகக் கண்டனர். சுட்டியைப் பொதுமக்கள் கண்ணுக்குக் காட்டிய நிகழ்ச்சி என்றே அதனை இன்று எல்லோரும் நினைவுகூர்வர். அதன் முதல் மாதிரி 1964இல் அவருடைய துணைவர் பில் இங்கிலிஷ் செய்தது. மரத்தாலான சிறு பெட்டி, அடியிலே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சில்லுகள். அவ்வளவுதான்.

ஆயினும் அன்று மேசைமேல் இருந்த இன்னொரு பொருளைப் பலர் மறந்துவிட்டனர். வலப்பக்கம் சுட்டி, நடுவிலே விசைப்பலகை, இடப்பக்கம் ஐந்து விசைகள் மட்டும் கொண்ட ஒரு சிறு கருவி. பியானோ வாசிப்பவர் பல கட்டைகளை ஒருங்கே அழுத்துவதுபோல அவ்வைந்து விசைகளைப் பலவாறு சேர்த்து அழுத்தலாம். ஐந்து விசைகளால் முப்பத்தொரு சேர்க்கைகள் உண்டாகும். ஆங்கில எழுத்து இருபத்தாறுக்கும் அது போதும். வலக்கை சுட்டியால் ஓர் இடத்தைக் காட்டும். அதே கணத்தில் இடக்கை அவ்விடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். இரு கைக்கும் வேலை உண்டு. எந்தக் கையும் மற்றதற்காகக் காத்திருப்பதில்லை. கற்பதற்குச் சில காலம் செல்லும் என்பதை எங்கெல்பார்ட் குறையாகக் கருதவில்லை. பயன் பெரிதாயின் மனிதர் பயில்வர் என்பது அவர் நம்பிக்கை. பிற்காலத்து வாணிகம் அவ்வாறு நம்பவில்லை. வலக்கையின் கருவி உலகெங்கும் பரந்தது. இடக்கையின் கருவியை அரும்பொருட்சாலையிலே காணலாம்.

விசைகள்மேல் ஐயம் தோன்றியதற்குத் தக்க காரணமும் இருந்தது. 1970இல் ஸெரொக்ஸ் கொம்பனி கலிபோர்னியாவின் பலோ அல்ரோ என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. 1974ஆம் ஆண்டளவில் அங்கே 'பிராவோ' என்னும் எழுத்துத் திருத்தும் செயலி ஆக்கப்பெற்றது. அதற்கு இரு நிலைகள் இருந்தன. ஒரு நிலையிலே தட்டும் எழுத்து எழுத்தாகவே பதியும்; மற்ற நிலையிலே அதே எழுத்து ஒரு கட்டளையாகும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்த ஒருவர், திருத்து என்னும் பொருள்பட 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளை அடித்தாராயின் நேர்வது என்ன? முதலெழுத்தாகிய 'ஈ' பத்திரம் முழுவதையும் தேர்ந்துகொள்ளும். இரண்டாவதாகிய 'டி' தேர்ந்தவற்றை எல்லாம் அழித்துவிடும். மூன்றாவதாகிய 'ஐ' இனி வருவதைப் புகுத்து என்று பொருள்படும். எஞ்சிய 'ரி' என்னும் ஒற்றை எழுத்து வெறுந்திரையிலே நிற்கும். பல நாள் உழைப்பு நான்கு தட்டில் மறைந்துபோகும்.

அந்நிலையத்தில் இருந்த லரி ரெஸ்லர் என்பார் இத்தகைய இரட்டை நிலைகளை ஒழிப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். தம் மோட்டார் வண்டியின் இலக்கத் தகட்டிலும் நிலைகள் வேண்டாம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரைப் பொறித்திருந்தார் என்றால் அவருடைய பிடிவாதத்தை ஊகித்துக்கொள்ளலாம். வெட்டு, பிரதி எடு, ஒட்டு என்று நாம் இன்று எண்ணாமலே செய்யும் மூன்று செயல்களுக்கும் உருக்கொடுத்தவருள் அவர் முதன்மையானவர், 2020இல் காலமானார். அவரும் அவர் தோழரும் 'ஜிப்சி' என்னும் செயலியிலே முறையை மாற்றினர். முதலில் எதனை என்பதைச் சுட்டியால் தேர்ந்துகொள். அதன்பின் என்ன செய்வது என்பதைச் சொல்.

தமிழ் பேசும் நமக்கு இவ்வொழுங்கு புதுமையன்று. பில் ஜோய் 1976இல் ஆக்கிய 'வி.ஐ.' என்னும் செயலியில் ஒரு சொல்லை அழிக்க வேண்டுமாயின் 'டி', 'டபிள்யூ' என்று அடித்தல் வேண்டும். அழி, சொல்லை என்பது அதன் வைப்பு. அது ஆங்கில வாக்கியத்தின் வைப்பு. ஜிப்சியின் வைப்போ, சொல்லை அழி என்பது. செயப்படுபொருளை முன்னே வைத்து வினையை இறுதியில் முடிக்கும் நம் வாக்கிய அமைதி அதிலே அப்படியே அமைந்துகிடக்கின்றது. ரெஸ்லர் தமிழ் கற்றவரல்லர். தற்செயலாக நேர்ந்த பொருத்தம் இது. ஆயினும் என் கருத்தைச் சொல்வதற்கு இவ்விலக்கணம் உதவுகின்றது. பெயர்ச்சொல்லைக் காட்டுவதற்கு ஒரு கருவி வேண்டும். வினைச்சொல்லைச் சொல்வதற்கு ஒரு கருவி வேண்டும். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று எண்ணியதனாலேதான் வழக்கு இத்தனை காலம் நீண்டது என்பது என் துணிபு.

அப்பிள் கொம்பனி 1983இல் 'லீசா' என்னும் கணினியையும், 1984 ஜனவரியில் 'மக்கின்ரோஷ்' என்னும் கணினியையும் வெளியிட்டது. மக்கின்ரோஷின் முதல் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே இல்லை. மேலும் கீழும் நகர்த்த விசை இருந்தால் மக்கள் பழைய பழக்கத்தை விடமாட்டார். செயலி எழுதுவோரும் பழையபடியே எழுதிவிடுவர். ஆதலால் வேண்டுமென்றே நீக்கினர். மாணவன் இடக்கையால் எழுதாதிருக்க அக்கையைக் கட்டிவைத்த பழங்கால ஆசிரியரை இது எனக்கு நினைவூட்டுகின்றது. எனினும் அதே கொம்பனிதான் 'இசெட்', 'எக்ஸ்', 'சி', 'வி' என்னும் நான்கு விசைகளையும் மீட்டல், வெட்டல், பிரதி எடுத்தல், ஒட்டல் என்னும் நான்கு வினைகளுக்கு உரியனவாக்கி உலகுக்கு அளித்தது. 'சி' ஒன்றே சொல்லின் முதலெழுத்து. 'எக்ஸ்' குறுக்கே அடித்துவிடும் கோடுபோன்றது. 'வி' அச்சுப்பிழை திருத்துவோர் இடைச்செருகுமிடத்தில் இடும் குறியைத் தலைகீழாக்கியதுபோன்றது என்று விளக்கம் கூறுவர். இவ்விளக்கங்களினும் முக்கியமானது அவை அமைந்த இடம். நான்கும் விசைப்பலகையின் அடிவரிசையில் இடப்பக்கம் அடுத்தடுத்து இருப்பவை. வலக்கை சுட்டியைப் பிடித்திருக்க இடக்கை அவற்றைத் தட்டலாம். எங்கெல்பார்ட்டின் ஐந்து விசைகள் மறைந்தாலும், இடக்கைக்கு அவர் வகுத்த பணி இந்நான்கு எழுத்துகளிலே ஒளிந்து வாழ்கின்றது.

இனி, காலக் கணக்குக்கு வருவோம். ஸ்ரூவேர்ட் கார்ட், தொமஸ் மொரன், அலன் நியூவெல் என்னும் மூவர் 1980இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கணினியில் மனிதர் செய்யும் வேலையை மிகச்சிறு செயல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் செல்லும் என்று அளந்து கூறினர். தேர்ந்த தட்டெழுத்தாளர் ஒரு விசையைத் தட்ட 0.2 செக்கன். சுட்டியால் ஓரிடத்தைக் காட்ட 1.1 செக்கன். கை விசைப்பலகையிலிருந்து சுட்டிக்கோ, சுட்டியிலிருந்து விசைப்பலகைக்கோ செல்ல 0.4 செக்கன். இவற்றுக்கு முன்னே மனம் ஆயத்தமாக 1.35 செக்கன்.

இக்கணக்கை அலுவலகத்தில் நான் கண்ட இளைஞருக்குப் பொருத்திப் பார்த்தேன். கை சுட்டிக்குப் போக 0.4, தலைப்பைக் காட்ட 1.1; அழுத்த 0.2, கட்டளையைக் காட்ட 1.1; அழுத்த 0.2; கை திரும்ப 0.4. மொத்தம் 3.4 செக்கன். அம்மையாருக்கு இரு விசை, 0.4 செக்கன். ஒரு கட்டளைக்கு மூன்று செக்கன் வேறுபாடு. மூன்று செக்கன் என்ன பெரிது என்று கேட்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு இருநூறு முறை இவ்வாறு கட்டளையிடுவாராயின் பத்து நிமிடம். ஆண்டிலே வேலைநாள் இருநூற்றைம்பது எனக் கொண்டால் நாற்பத்தொரு மணித்தியாலத்துக்கு மேல். ஏறக்குறைய ஒரு வாரத்து வேலை, கையை இங்குமங்கும் கொண்டுபோவதிலேயே கழிகின்றது. மணிக்கட்டு நோவும் கூலியின்றிக் கிடைக்கின்றது.

இதற்கு மறுதலையான தீர்ப்பும் உண்டு என்றேன். அப்பிள் கொம்பனியில் மனிதர்க்கும் கணினிக்கும் இடையுள்ள தொடர்பை ஆராய்ந்த புரூஸ் தொக்னசினி என்பார், 1980களின் இறுதியில் ஒரு கருத்தை எழுதிப் பெரும் பூசலைக் கிளப்பினார். விசையே விரைவானது என்று பயன்படுத்துவோர் எல்லோரும் சொல்கின்றனர். ஆனால் கடிகாரம் வைத்து அளந்தால் சுட்டியே விரைவாக இருக்கின்றது என்றார் அவர். எந்த விசை என்று நினைவிலிருந்து எடுப்பதற்கு மனம் முழுதும் ஈடுபடுகின்றது. அவ்வாறு ஈடுபட்ட மனம் கழிந்த காலத்தை உணர்வதில்லை. சுட்டியை நகர்த்தும்போதோ மனம் சும்மா இருப்பதால் ஒவ்வொரு கணமும் நீண்டு தோன்றுகின்றது என்பது அவர் தந்த காரணம்.

இது வெறும் வாதமன்று, கூர்ந்து எண்ணத்தக்கது. அரைகுறையாகக் கற்ற விசையைப் பற்றி அவர் சொன்னது உண்மையென்றே கருதுகிறேன். பிரதி எடுப்பது எந்த விசை என்று விழித்துக்கொண்டிருப்பவர் அந்நேரத்தில் மெனுவைத் திறந்து வேலையை முடித்திருக்கலாம். ஆனால் அவர் சான்றாகக் காட்டிய சோதனை ஒன்றைப் பாருங்கள். ஒரு பந்தியில் ஆங்காங்கே கிடந்த ஒரு குறியை நீக்கி வேறோர் எழுத்தை இடவேண்டும். அம்புக்குறி விசைகளால் ஒவ்வோர் இடத்துக்கும் நகர்ந்து சென்றவர்களுக்கு, சுட்டியால் சென்றவர்களைப் போல ஏறத்தாழ இருமடங்கு நேரம் பிடித்தது. வியப்பென்ன? அங்கே அளக்கப்பட்டது இடத்தைக் காட்டும் தொழில். அதிலே சுட்டியே வல்லது என்பதைக் கார்ட்டும், சுட்டியைச் செய்த அதே பில் இங்கிலிஷும், வேறொருவரும் சேர்ந்து 1978இலேயே அளந்து காட்டிவிட்டனர். வெட்டு, ஒட்டு, சேமி என்று வினையைச் சொல்லும் தொழில் வேறு. வழக்காடிய இரு பகுதியாரும் இருவேறு தொழில்களை அளந்துவிட்டு ஒரே பெயரால் அழைத்தனர்.

ஆனால் இத்தகைய நுண்ணிய ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலோரைத் தொடுவதில்லை. அவர்கள் குறுக்குவிசையைக் கற்பதே இல்லை. 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றிலே, மைக்கிரோசொப்ட் கொம்பனியின் 'வேர்ட்' செயலியில் அனுபவமுடைய 251 பேரிடம் விசாரித்தனர். அடிக்கடி இடும் கட்டளைகளுக்குங்கூட அவர்களுட் பலர் மெனுவையும் படக்குறிகளையுமே நாடினர்; குறுக்குவிசையை மிக அரிதாகவே கையாண்டனர். ஆண்டுக்கணக்கான அனுபவம் அவர்களை அடுத்த படிக்கு ஏற்றிவிடவில்லை.

காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுதல் எளிது, நியாயமன்று. ஜோன் கரோல், மேரி பெத் றொசன் என்னும் இருவர் 1987இலே இதனை நன்கு விளக்கினர். கணினிமுன் அமர்பவர் கணினியைக் கற்பதற்காக அமர்வதில்லை. கடிதத்தை முடிப்பதற்காக அமர்கின்றார். பத்து நிமிடம் கற்றால் பின்னர் பல மணி மீதமாகும் என்பது அவருக்கும் தெரியும். ஆயினும் கடிதம் இன்றைக்கே போகவேண்டும். தெரிந்த வழி மெதுவானதாயினும் அது தவறுவதில்லை. நேற்றுச் சென்ற வழியே இன்றும் செல்வார், நாளையும் செல்வார்.

முன்னைய தலைமுறைத் தட்டெழுத்தாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, ஆகவே கற்றனர். 1978இல் வந்த 'வேர்ட்ஸ்ரார்' செயலியில் நிலைகாட்டியை நாற்புறமும் நகர்த்துதற்கு 'ஈ', 'எஸ்', 'டி', 'எக்ஸ்' என்னும் விசைகள் ஒரு சாய்சதுரமாக அமைந்திருந்தன. 1989இல் வந்த 'வேர்ட் பேர்பெக்ட்' 5.1 இல் மேல்வரிசையிலுள்ள எண்ணிட்ட விசைகளே எல்லாக் கட்டளைகளும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பொருள். அவற்றை அச்சிட்ட அட்டை ஒன்றை விசைகளின்மேல் பொருத்திவைத்துக்கொள்வர். உதவி வேண்டுமாயின் மூன்றாவது எண்விசை, வெளியேற ஏழாவது. யார் வகுத்த நியதியோ! ஆயினும் அதனைக் கற்றவர்கள் ஊற்றெடுத்தாற்போல வேலை செய்தனர். பின்னர் புதிய செயலிகள் வந்தபோது, அவர்கள் விரல்களில் சேர்த்திருந்த செல்வம் ஒரே நாளிற் செல்லாக்காசாயிற்று. இழந்ததற்கு ஈடு கொடுத்தார் ஒருவருமிலர்.

நல்ல மெனு ஓர் ஆசிரியராகவும் இருத்தல் கூடும். பழைய மெனுக்களிலே ஒவ்வொரு கட்டளைக்கும் நேரே வலப்புறத்தில் அதன் குறுக்குவிசை எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை பட்டியலைத் திறக்கும்போதும், அடுத்தமுறை இப்படியும் செய்யலாமே என்று அது மெல்லச் சொல்லும். 2007ஆம் ஆண்டின் மைக்கிரோசொப்ட் அலுவலகச் செயலிகளில் அப்பட்டியல்கள் நீங்கி, படக்குறிகள் நிறைந்த ஓர் அகன்ற பட்டை வந்தது. பார்வைக்கு அழகே. ஆயினும் அம்பை ஒரு படத்தின்மேல் சிறிது நேரம் நிறுத்தினாலன்றிக் குறுக்குவிசை தென்படாது. 'ஒல்ற்' விசையைத் தட்டினால் ஒவ்வொரு படத்தின்மேலும் எழுத்துகள் தோன்றும் என்பதும் உண்மை. அதனை அறிந்தவர் எத்தனை பேர்? ரொறன்ரோவில் மூன்று ஆராய்ச்சியாளர் அதே 2007இல் வேறொன்றைச் சோதித்துப் பார்த்தனர். மெனுவில் ஒரு கட்டளையைத் தேர்ந்தவுடன் அதன் குறுக்குவிசையைக் கணினி வாய்விட்டுச் சொல்லும்படி செய்தனர். அவ்வாறு காதாற் கேட்டவர்கள் விசைகளை விரைந்து கற்றனர். வானொலியில் பேசும் எனக்கு இச்செய்தி உவப்பளித்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மொழியின் சிக்கலையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். குறுக்குவிசைகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகள். ஸ்பானிய மொழியில் வரும் வேர்ட் செயலியிலே சேமிப்பதற்குக் கொன்ரோலுடன் 'ஜி' தட்டல் வேண்டும். அம்மொழியில் சேமித்தலைக் குறிக்கும் சொல் அவ்வெழுத்தில் தொடங்குகின்றது. ஸ்பானியர்க்கு அது எளிது. ஆனால் வேறு நாட்டுக் கணினியின்முன் அமர்ந்தால் அவர் விரல் பிழைக்கும். நமக்கோ, மெனு தமிழில் இருந்தாலும் விசை ஆங்கிலத்திலேயே நிற்கின்றது. சேமி என்னும் சொல்லும் 'எஸ்' என்னும் எழுத்தும் ஒலியால் ஒத்துப்போவது நம் நல்வினை. அச்சிடுதலுக்கும் 'பி' என்னும் எழுத்துக்கும் என்ன உறவு? ஆங்கிலம் அறியாதார்க்கு அது பொருளற்ற ஓர் அடையாளம். வாய்பாடுபோல மனனஞ் செய்ய வேண்டியதுதான். ஆங்கிலம் அறிந்தார்க்கும் இடறல்கள் உள. வேர்ட் செயலியில் கொன்ரோலுடன் 'எப்' தட்டினால் ஒரு சொல்லைத் தேடலாம். அதே கொம்பனியின் அஞ்சற் செயலியாகிய 'அவுட்லுக்'கில் அவ்விசை கடிதத்தைப் பிறர்க்கு மேலனுப்ப முற்படும்.

இதுவரை நேரத்தையும் வசதியையும் பற்றியே பேசினேன். குறுக்குவிசை ஒருசாரார்க்கு வசதி; வேறொரு சாரார்க்கு அதுவே வாயில்.

நான் அறிந்த இளைஞர் ஒருவர் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர், பட்டதாரி. கணினியில் என்னிலும் பன்மடங்கு விரைவாகப் படிப்பார், எழுதுவார். திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் செயலியை அவர் பயன்படுத்துகின்றார். 'என்.வி.டி.ஏ.' என்னும் அச்செயலியை 2006இல் தொடங்கியவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன், அவரும் கண்பார்வையற்றவர். யாவர்க்கும் இலவசமாகவே அது கிடைக்கின்றது. இணையப் பக்கம் ஒன்றிலே 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 'எப்' தட்டினால் நிரப்பவேண்டிய அடுத்த கட்டத்துக்குச் செல்லும். 'ரி' தட்டினால் அட்டவணைக்குச் செல்லும். சுட்டி அவருக்குப் பயன்படாது. அம்பு எங்கே செல்கிறது என்று கண் தொடர்ந்து பார்த்தாலன்றிச் சுட்டி யாருக்கும் பயன்படாது. மெனுவும் அவருக்கு உண்டு. விசையால் திறந்து, ஒவ்வொரு கட்டளையாகக் காதாற் கேட்டு இறங்குவார். ஆகவே மெனு வேண்டுமா விசை வேண்டுமா என்ற வினாவே அவருக்கு இல்லை. எல்லாவற்றையும் விசை எட்டுமா என்பதே அவர் வினா.

அவர் ஒரு பதவிக்கு இணையவழியே விண்ணப்பிக்க முற்பட்டார். முடிவுத் திகதி அன்று. பெயர், முகவரி, கல்வித் தகைமை யாவற்றையும் தாமே நிரப்பினார். இறுதியிலே சமர்ப்பிக்கும் பொத்தான். அதனைச் செய்தவர் அழகுக்காக ஒரு படமாக வரைந்து, சுட்டி தொட்டால் மட்டும் இயங்கும்படி அமைத்துவிட்டார். கட்டத்துக்குக் கட்டம் தாவும் 'ரப்' விசை அப்பொத்தானைக் கடந்து பக்கத்தின் தலைப்புக்கே மீண்டும் மீண்டும் சென்றது. குரற்செயலிக்கும் அப்படியொரு பொத்தான் இருப்பதே தெரியவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை ரியூசன் முடிந்து வீடு திரும்பும் வரை, மாலை ஆறரை மணி வரை அவர் காத்திருந்தார். பிள்ளை வந்து சுட்டியால் ஒருமுறை தொட்டது, விண்ணப்பம் போயிற்று. படிவத்தின் நாற்பது கட்டங்களையும் தாமே நிரப்பியவர் ஒரு தட்டலுக்காகப் பிறர் கையை எதிர்பார்த்திருந்தார். அன்று அப்பிள்ளை வராதிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்னும் நீங்கவில்லை.

இதற்கு விதி இல்லாமலில்லை. இணையப் பக்கங்கள் எல்லார்க்கும் எட்டுமாறு அமைவதற்கான நெறிகளின் இரண்டாம் பதிப்பு 2008 டிசெம்பரில் வெளியாயிற்று. ஒரு பக்கத்தின் செயல்கள் யாவும் விசைப்பலகையாலும் இயலுதல் வேண்டும் என்பது அதன் மிக அடிப்படையான படியிலேயே வைக்கப்பட்டுள்ளது. கண்பார்வையற்றோர்க்கு மட்டும் உரியதன்று அந்நெறி. கை நடுக்கமுடைய முதியவரை எண்ணிப் பாருங்கள். இலக்கு சிறிதாகச் சிறிதாக, தொலைவு கூடக் கூட, அதனைத் தொடுதற்குச் செல்லும் நேரமும் கூடும் என்பதைப் போல் பிற்ஸ் என்னும் உளவியலறிஞர் 1954இலேயே கணக்கிட்டுக் கூறினார். நடுங்கும் கைக்குப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஊசித்துளை. அதேபோல, இரு விசைகளை ஒருங்கே அழுத்த இயலாத ஒற்றைக் கையினர்க்குக் குறுக்குவிசையே தடையாகும். அவர்கள் பொருட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலும் சேர்த்து அழுத்தியதாகக் கொள்ளும் வசதி 'விண்டோஸ்' கணினிகளில் உண்டு; 'ஷிப்ற்' விசையை ஐந்துமுறை தொடர்ந்து தட்டினால் அதனை இயக்கலாம். தற்செயலாகத் தட்டிவிட்டு, திரையிலே தோன்றும் கேள்வியைக் கண்டு மருண்டவர்கள் உங்களுள்ளும் இருப்பீர்கள். அது வந்தது இதற்காகத்தான்.

படிவங்களும் பக்கங்களும் ஆக்குவோர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பின் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆக்கியதை வெளியிடும் முன்னர், சுட்டியின் வடத்தைக் கழற்றி மேசை இழுப்பறையுள் வைத்துவிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை விசைகளால் மட்டும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். அரை மணித்தியாலம் போதும். எங்கே விரல் நிற்கின்றதோ அங்கே ஒருவர் மாலை வரை காத்திருப்பார்.

அவ்விளைஞர் நடந்ததை விளக்கி அவ்வலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுமொழி வரவில்லை. ஆனால் மறுமுறை விண்ணப்பம் கோரியபோது சமர்ப்பிக்கும் பொத்தானை 'ரப்' விசை எட்டியது; குரற்செயலியும் அதன் பெயரைத் தெளிவாக வாசித்தது. பிறந்த திகதியைக் குறிப்பதற்கு மட்டும் புதிதாக ஒரு நாட்காட்டிப் படத்தைச் சேர்த்திருந்தார்கள். அது சுட்டிக்கு மட்டுமே திறக்கின்றது. இரண்டாவது கடிதத்தை அவர் இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கிறார்.